ஆடி வெள்ளியில் கொடுத்த டிவி

எங்கள் வீட்டு டிவி கெட்டுப்போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போன பொருளைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினவனுக்கு ஒரு சமாதானமாவது இருக்கும், எனக்கு அதுவும் கிடையாது. இருபத்திரண்டு இஞ்ச் டிவி. மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கோடையில் வாங்கியது. அவளுக்குக் கல்யாணமாகி, கோயம்புத்தூரில் குடும்பமாகி, பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான். அத்தனை வருடத்தில் ஒரு மெக்கானிக்கும் அதன் முதுகைத் திறந்து பார்த்ததில்லை. போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும்.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். புதுக்கோட்டைக்கும் அன்னவாசலுக்கும் இடையில் என் பாதி ஆயுசு கழிந்தது. "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்குல்ல" என்று கத்திக் கத்திக் குரலே அப்படி ஆகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு கத்துவதற்கு வண்டி நிறைய ஆள் இல்லை. வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். வண்டி நிறைய ஆட்களுக்கான கத்தல் முழுவதும் அவளுக்கே கிடைத்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அதைச் சொன்னவன் வேலை வெட்டி இல்லாதவன் என்று நான் நினைத்திருந்தேன்.

என் மனைவிக்குப் பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போடுவாள், சோற்றைக் குறைப்பாள், கல்யாண வீட்டில் மட்டும் ஜாங்கிரியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து முழிப்பாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது கண்ணில் புகையாக இருக்கிறது என்றாள். கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அதோடு என் கடமை தீர்ந்தது. அதன் பிறகு அவள் நடையில் ஒரு மாற்றம் வந்தது. சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பாள். கூடத்தில் கிடக்கிற செருப்பு தட்டும், பிளாஸ்டிக் வாளி தட்டும். "பாத்து நட, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்பேன். அவள் சிரித்துக்கொண்டு வாளியை நிமிர்த்தி வைப்பாள்.

எங்கள் வீடு திருக்கோகர்ணத்தில். கூடம் நீளவாக்கில் இருக்கும். ஒரு முனையில் டிவி, நடுவில் சோபா, மறுமுனையில் சமையல்கட்டு நிலை. அவள் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்ததே இல்லை. நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு, கையில் கரண்டியோ முருங்கைக்கீரையோ வைத்துக்கொண்டு, நின்றபடிதான் பார்ப்பாள். பெண்கள் எல்லாருமே அடுப்பில் ஒரு கண், டிவியில் ஒரு கண் என்று நிற்கிறவர்கள்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததில்லை. சாயங்காலச் செய்தி ஆரம்பித்ததும் வாசிக்கிற பெண்ணின் சேலையைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்வாள். "இன்னக்கி மாம்பழக் கலரு. ஜாக்கெட்டுதான் சேரல." நாட்டில் வெள்ளமோ தேர்தலோ, எங்கள் வீட்டில் முதல் செய்தி அதுதான்.

எதிர்வீட்டுக்காரர் ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி வாங்கிச் சுவரில் மாட்டினார். கிரிக்கெட் நடக்கிற நாட்களில் அந்தப் பச்சை வெளிச்சம் எங்கள் ஜன்னல் வரை அடிக்கும். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. இவளுக்குப் பார்வை மங்குகிறது, பெரிய டிவியாக இருந்தால் நன்றாகத் தெரியும் என்றும் நினைத்தேன். சின்ன எழுத்துத் தெரியாதவனுக்குப் பெரிய எழுத்துப் புத்தகம் கொடுப்பதில்லையா, அந்தக் கணக்குதான். இதை மனதார அவளுக்காகச் செய்தேன். அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

ஆடித் தள்ளுபடி நோட்டீசோடு வீட்டுக்கு வந்து, பழையதைக் கடையில் கொடுத்துவிட்டுப் பெரிய டிவி எடுக்கப் போவதாகச் சொன்னேன். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

"ஆடி மாசத்துல புதுசா எதுக்குங்க? ஆவணி பொறக்கட்டுமே" என்றாள்.

"ஊரே ஆடித் தள்ளுபடியில அள்ளிக்கிட்டு வருது. ஒனக்கு மட்டும் தனியா ஒரு ஆடியா?"

"ஓடுற பொருளக் குடுக்கக் கூடாதும்பாங்க. வீட்டுல ஓடிக்கிட்டு இருக்கிறத நாமளே தூக்கிக் குடுத்தா நல்லதில்ல."

"ஓடுறதுன்னாத்தான் கடையில எடுப்பான். நின்னு போனத எவன் எடுப்பான்?"

அவள் சமையல்கட்டுக்குத் திரும்பிப் போனாள். சொந்தக்காரர்கள் நடுவில் எனக்கு ஒரு பெயர் உண்டு: பேச்சில் ஜெயிக்கிற ஆள். ஜெயித்தேன். மறுநாள் காலையில் டவுன் பஸ் பிடித்துக் கடைக்குப் போனேன். அங்கே விற்பனையைப் பார்த்துக்கொண்டவருக்கு நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும், "சார், நீங்க அன்னவாசல் வண்டியில இருந்தவங்கதானே? காலேஜ் படிக்கையில என்னைய ஃபுட்போர்டுலேர்ந்து எறக்கி விட்ருக்கீங்க" என்று சிரித்தார். எனக்கு நாற்காலி போட்டார். பழையது ஓடுதா என்று கேட்டார், ஓடும் என்றேன். ரிமோட் இருக்கா என்று கேட்டார், இருக்கிறது என்றேன். அப்புறம் ஏன் சார் மாத்துறீங்க என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

மறுநாளே கொண்டுவந்து மாட்டிவிடுவதாகச் சொன்னார்கள். வீட்டில் வந்து சொன்னபோது அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஆடி வெள்ளிங்க" என்றாள். "வெள்ளிக்கெழம வீட்டுப் பொருள வெளிய அனுப்ப வேணாம். சனிக்கெழம வரச் சொல்லுங்க."

"சனிக்கெழம சொன்னா, சனிப் பொணம் தனியாப் போகாதும்ப. ஞாயித்துக்கெழம சொன்னா அமாவாசைம்ப."

"இந்த ஒரு தடவ கேளுங்க."

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் டிக்கெட்டு கிழிக்காம இருந்தேனா? குடும்பம் கெட்டா போச்சு?"

இதற்கும் நான்தான் ஜெயித்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு பேர் வண்டியில் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார்கள். எங்கள் டிவியில் ஏதோ ஓர் அம்மன் கோயிலின் அபிஷேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் வழக்கம்போல நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கரண்டிகூட இல்லை. "கொஞ்சம் இருங்க. தீபாராதனை காட்டப் போறாங்க. அதப் பாத்துட்டு எடுத்துக்கட்டும்" என்றாள். வந்தவர்கள் நின்றார்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை. எனக்குத்தான் அவசரம். "தீபாராதனையப் புது டிவியில பெருசாப் பாரு" என்று சொல்லி அணைத்தேன். அவர்கள் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகும்போது அவள் பின்னாலேயே போய், டிவியின் ஓரத்தைத் தடவிக் கொடுத்தாள். ஆயுதபூசைக்கு ஆயுதபூசை அவள் வைத்த சந்தனக் குங்குமம் அந்த மூலையில் கறையாக ஏறியிருந்தது. மாட்டை விற்கிறவள் மாதிரிச் செய்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

புது டிவி சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. அவளைக் கையைப் பிடித்துச் சோபாவில் உட்காரவைத்தேன்.

"எப்படி இருக்கு?"

"அம்மாடி, எவ்வளவு பெருசு!" என்றாள்.

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறமும் அவள் போய் நிலையிலேயே நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு பெரிய டிவி வாங்கிப் போட்ருக்கேன், இன்னமும் ஃபுட்போர்டுலயே தொங்கிக்கிட்டு இருக்க. உள்ள வந்து ஒக்காரு" என்று அதட்டினேன். வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து, தலையை அங்கிட்டும் இங்கிட்டும் மேலேயும் கீழேயும் மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்து வலியாக இருக்கும் என்று தைலம் வாங்கிக் கொடுத்தேன். நாளாக ஆக, டிவி ஓடும்போது அவள் கீரையை ஆய ஆரம்பித்தாள், உளுந்தில் கல் பார்த்தாள், அது இல்லாவிட்டால் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். செய்தி வாசிக்கிற பெண்ணின் சேலையைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. முப்பது பேர் நெருக்கி நிற்கிற வண்டியில் டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமையடித்தவன் நான். இதைக் கவனிக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் மத்தியானம் ரசம் ஊற்றினாள். சோற்றில் ஊற்றவில்லை, தட்டுக்கு வெளியே, என் தொடையில் ஊற்றினாள். துள்ளி எழுந்து வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவள் ரசச் சட்டியைக் கீழே வைக்க இடம் தேடினாள். கை தரையைத் தடவித் தடவித் தேடியது. சட்டி வைக்க வேண்டிய பிரிமணை அவள் முழங்காலுக்கு அருகிலேயே கிடந்தது. என் வாய் அப்போதுதான் நின்றது.

மறுநாள் திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னென்னவோ பார்த்துவிட்டு, கடைசியாக ஓர் இருட்டறையில் உட்காரவைத்தார்கள். வெள்ளைக் குண்டான் மாதிரி ஒரு மெஷின். அதில் தாடையைப் பதித்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே அங்கங்கே புள்ளியாய் வெளிச்சம் வரும். வெளிச்சம் தெரிந்தால் கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். வலது கண்ணுக்கு 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு 'டக்'. இடது கண்ணுக்கு ஒரு சத்தமும் வரவில்லை. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "அமுக்கு புள்ள, அமுக்கு" என்று எனக்குத் தொண்டை வரை வந்தது. அவள் பட்டனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வராத வெளிச்சத்துக்காக அவ்வளவு பணிவாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா காகிதத்தைக் காட்டினார். இரண்டு வட்டம். ஒன்று முழுக்கக் கறுப்பு. இன்னொன்றும் கறுப்புதான், நடுவில் மட்டும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளை.

"கண்ணுல பிரஷர் ரொம்ப நாளா இருந்திருக்கு. சர்க்கரை வேற. இந்த நடுவுல இருக்கிறது மட்டும்தான் இப்ப அவங்களுக்குப் பார்வை. குழாய் வழியாப் பாக்குற மாதிரி. சுத்தி ஒண்ணும் தெரியாது."

"ஆபரேஷன் பண்ணினா வருமாங்க?"

"போனது வராது. இருக்கிறதக் காப்பாத்தப் பாக்கலாம். சொட்டு மருந்து ஒரு வேளை கூட விடாம ஊத்துங்க. மாசம் ஒரு தடவ கூட்டிக்கிட்டு வாங்க."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று பஸ்ஸில் எத்தனை பேரைக் கிண்டல் செய்திருப்பேன். பஸ் ஸ்டாப்பைத் தாண்டிய பிறகு "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்பவர்களுக்கெல்லாம் இந்தப் பழமொழியைத்தான் டிக்கெட்டோடு சேர்த்துக் கிழித்துக் கொடுப்பேன். அன்றிலிருந்து அது என் வாயில் வருவதில்லை.

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு, டிவியைப் போட்டேன். செய்தித்தாளை இறுக்கமாகச் சுருட்டி, குழாயாக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து அதன் வழியாகப் பார்த்தேன். செய்தி வாசிக்கிற பெண்ணின் ஒரு காது தெரிந்தது. குழாயை நகர்த்தினேன், மூக்கு தெரிந்தது. இன்னும் நகர்த்தினேன், எதுவோ நீலமாகத் தெரிந்தது, தோளா, பின்னால் இருக்கிற சுவரா என்று சொல்ல முடியவில்லை. என் தலை அங்கிட்டும் இங்கிட்டும் மேலேயும் கீழேயும் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருப்பதை நானே உணர்ந்தேன். எழுந்து சமையல்கட்டு நிலைக்குப் போனேன். அங்கே நின்று பார்த்தாலும் பாதி முகம்தான். பேரனின் போட்டோ ஒன்று, பழைய டிவியின் அகலத்துக்கே சட்டம் போட்டது, அலமாரியில் இருந்தது. அதைக் கொண்டுபோய்ப் பெரிய டிவிக்கு முன்னால் சாய்த்து வைத்துவிட்டு, நிலைக்குத் திரும்பி வந்து குழாய் வழியாகப் பார்த்தேன். சட்டத்தின் நான்கு மூலையும் உள்ளே அடங்கியது. முழுசாக, துளிகூட வெளியே போகாமல்.

அவள் அடுப்பைப் பார்த்துக்கொள்வதற்காக அங்கே நிற்கவில்லை. நின்று நின்று, தேடித் தேடி, எங்கே நின்றால் டிவி முழுதாகத் தெரியும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். வீட்டிலேயே அவளால் முழுசாகப் பார்க்க முடிந்த ஒரே பொருள் அதுதான். அதைத்தான் நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அவள் தூங்கவில்லை. படுக்கையறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் செய்வதைப் பார்த்தாளா, சத்தத்தை வைத்துப் புரிந்துகொண்டாளா என்று தெரியாது.

"ஏன் சொல்லல?" என்றேன். கத்தக் கூடாது என்றுதான் நினைத்தேன். கத்தல்தான் வந்தது.

"சொன்னேங்க."

"எப்பச் சொன்ன?"

"ஆடி மாசம் வேணாம்னு சொன்னேன். ஓடுற பொருளக் குடுக்க வேணாம்னு சொன்னேன். வெள்ளிக்கெழம வேணாம்னு சொன்னேன்."

"அது நாளு கெழம பாக்குற பேச்சு. கண்ணு தெரியலன்னு ஏன் சொல்லல?"

"கண்ணு போச்சுன்னு சொன்னா நீங்க பயந்துருவீங்க. பயந்தா கத்துவீங்க" என்றாள். "நாளு கெழமன்னா கேக்குறவுக கேப்பாக. ஆம்பளைகிட்ட வேற எத வச்சுத் தடுக்கிறது?"

எனக்கு இன்றைக்கும் அந்தப் பதில் ஆறவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஒரு காரியம் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டாள். செவ்வாய்க்கிழமை என்பாள், அஷ்டமி என்பாள், கௌளி சொல்லிவிட்டது என்பாள். என் அம்மா சொல்லியிருக்கிறாள், அக்கா சொல்லியிருக்கிறாள். மூடநம்பிக்கை என்று நானும் என் அப்பாவும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். அத்தனையும் வேண்டாம் என்ற ஒரு சொல்தான் என்று அறுபது வயது தாண்டி, ஒரு டிவியைக் கொடுத்த பிறகு தெரிந்துகொண்டேன். மூன்று தடவை அவள் வேண்டாம் என்றாள். மூன்று தடவையும் நான் ஜெயித்தேன்.

அடுத்த நாள் காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நின்றேன். விற்பனைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். எக்ஸ்சேஞ்சில் வந்ததெல்லாம் குடோனுக்குப் போய்விடும், அங்கிருந்து பழைய டிவி வாங்குகிற ஆட்கள் மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள் என்றார். "தீவாளி முடியட்டும் சார். இப்ப குடோன்ல கால் வைக்க எடமில்ல. நானே தேடிப் பாக்குறேன்." அப்புறம் தயங்கி, "அதே சைசுல புதுசு ஒண்ணு இருக்கு சார், இப்பவே எடுத்துக்கிட்டுப் போங்களேன்" என்றார்.

அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வாழ்க்கையில் எனக்கு யாரும் அதைவிட நல்ல யோசனை சொன்னதில்லை. ஆனால் என் புத்தி வேறு மாதிரி. கொடுத்த அதே டிவியை, அவள் குங்குமம் வைத்த அதே டிவியைத் திரும்பக் கொண்டுவந்து அவள் முன்னால் வைக்க வேண்டும். வைத்தால்தான் நான் செய்தது இல்லை என்று ஆகும். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் இப்படித்தான் பொருளைத் தூக்கிக்கொண்டு அலைவான். "வேணாம், எனக்கு என் டிவிதான் வேணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசி அடைமழை. வாரத்துக்கு இரண்டு தடவை குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். தீபாவளிக் கூட்டத்தில் அவருக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. தீபாவளி முடிந்தது, கணக்கு முடிக்கிறார்கள் என்றார், அப்புறம் குடோன் சாவி வைத்திருப்பவர் ஊருக்குப் போய்விட்டார் என்றார். வீட்டில் சொட்டு மருந்தை நானே ஊற்றினேன். காலையில் ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு. அவள் அண்ணாந்து உட்கார்ந்திருப்பாள், நான் இமையை விரித்துப் பிடிப்பேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் கண்ணை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அப்போதுதான். "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "அப்படியேதாங்க இருக்கு" என்பாள். மாதாந்திரச் சோதனைக்குப் போக வேண்டிய நாளில் மழை கொட்டியது. "நனைஞ்சுக்கிட்டு எதுக்கு? மருந்துதான் ஊத்துறீங்களே, அடுத்த மாசம் போவோம்" என்றாள். சரி என்றேன். டிவியைப் பற்றி அவள் அப்புறம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பொறுத்துப் பழகியவள், பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் விற்பனைக்காரர் கூப்பிட்டுவிட்டார். அவரே தன் வண்டியில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் குடோனுக்குக் கூட்டிப்போனார். தகரக் கொட்டகை. சுவரைப் பார்த்தபடி வரிசை வரிசையாக டிவிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சீட்டு. "ஒங்கள்து எப்படிச் சார் கண்டுபிடிப்பீங்க?" என்றார். "கீழ் மூலையில சந்தனக் குங்குமக் கறை இருக்கும்" என்றேன். இருவருமாக ஒவ்வொன்றாகத் திருப்பினோம். முதலாவதில் கறை இருந்தது. இரண்டாவதில் இருந்தது. ஒன்றில் மூன்று மூலையிலும் இருந்தது. ஒன்றில் சந்தனத்தோடு பூ ஒட்டிக் காய்ந்திருந்தது. இன்னொன்றில் பிறைச் சந்திரன் போட்ட ஸ்டிக்கர் இருந்தது. யார் யார் வீட்டிலோ யார் யாரோ பார்த்துக்கொண்டிருந்த டிவிகள். எங்களுடையது இல்லை. கடைசி வரிசையையும் திருப்பிவிட்டு, அந்தத் தகரக் கொட்டகையில் நின்று நான் அழுதேன். விற்பனைக்காரர் வெளியே போய் நின்றுகொண்டார்.

திரும்பிக் கடைக்கு வந்து, முதல் நாள் அவர் சொன்னாரே அந்தச் சின்ன டிவி, அதையே வாங்கினேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் தெருவில் பெரிய டிவி வாங்கி நான்கு மாதத்தில் சின்ன டிவி வாங்கினவன் நான் ஒருவன்தான். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். பெரிய டிவிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அட்டைப்பெட்டியைப் பிரித்து, சின்னதை எடுத்து அதன் மேல் வைத்தேன். சத்தம் கேட்டு அவள் சமையல்கட்டிலிருந்து வந்தாள்.

"என்னங்க அது?"

"சின்ன டிவி. ஒனக்குத்தான். பழசு கெடைக்கல. இதும் அதே அளவுதான்." அதற்கு மேல் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. எனக்கு வரவில்லை. "அங்கிட்டே நில்லு. நீ நிக்கிற எடத்துலயே நின்னு பாரு. சோபாவுக்கு வர வேணாம்" என்றேன்.

அவள் நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். நான் ஸ்டூலுக்குப் பின்னால் குனிந்து, பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்த வயரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். முடிச்சு கெட்டியாக இருந்தது. பல்லால் கடித்துப் பிரித்தேன். நேரமாகிக்கொண்டிருந்தது. நான் கோபப்படுவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"படம் முழுசாத் தெரியுதுங்க" என்றாள். "அலையாதீங்க, போதும். சத்தத்த மட்டும் கொஞ்சம் கூட்டி வைங்க."

இன்னும் சொருகாத வயர் என் கையிலேயே இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் சரியாக டிவி இருக்கும் திசைக்குத் திரும்பியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். என்றைக்கு அந்தப் பொத்தான் அளவு வெளிச்சமும் போனது என்று எனக்குத் தெரியாது. ஐப்பசியிலா, கார்த்திகையிலா, நான் சொட்டு மருந்து ஊற்றிவிட்டு எப்படி இருக்கு என்று கேட்ட எத்தனையாவது நாளில் என்று தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

"சரி, கூட்டுறேன்" என்றேன். அன்றைக்கு என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது. சுவரோடு ஒட்டிக் குனிந்து, அவளுக்குச் சத்தம் கேட்காமல் வயரைச் சொருகினேன்.